சாயாவுக்குப் பின் கேட்கும் கேள்வி

இம்மடலின் தாள் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாதிருக்க, அதன் மேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்திருக்கிறேன். செத்துப்போன டிஸ்க். இனி அதற்கு இந்த ஒரு வேலைதான். இரண்டு வாரங்களுக்கு முன், உயிர் பிரியுமுன், அது நம் கடையில் பல்லியைப்போல் கத்தியது.

அந்த ஒலிக்குப் பல்லி என்று பெயர் சூட்டியவள் நீ. பழுதான டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்ததும் உள்ளிருந்து டிக், டிக் என்று எழும் ஓசையை முதன்முதலாகக் கேட்டபோது, ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே திரும்பி, "பல்லி கத்துது, புலவரே. சகுனம் செரியில்ல" என்றாய். சுழலும் தட்டின் மேல் தொடாமல் மிதக்க வேண்டிய முள், தன் இடத்தைக் கண்டறிய இயலாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று நான் உனக்கு விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தானே நானும் சொன்னேன்" என்றாய்.

நீ சென்ற பிறகு அந்த ஒலியை நான் கேட்டது அதுவே முதன்முறை. கேட்டவுடன் சாலைப் பக்கம் திரும்பினேன். உன் இயந்திரம் துணி போர்த்தி நின்றது. உன் சிவப்பு நாற்காலியில் பழைய யு.பி.எஸ் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. இடமின்மையால் அவ்வாறு அடுக்கியதாக வருவோரிடம் கூறிவந்தேன். கடையில் இடத்துக்குக் குறைவில்லை என்பதை நீ அறிவாய்.

டிஸ்க்கைக் கொண்டுவந்தவள் சுகன்யா என்னும் கல்லூரி மாணவி. வீடு வைப்பின் தீவில். படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி மட்டாஞ்சேரி வரை நடந்தே வந்திருந்தாள். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். தந்தைக்கு இடப்பள்ளியில் ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் வேலை.

"எவ்வாறு பழுதுற்றது?" என்று வினவினேன்.

"வேலியேற்றத்துல வீட்டுக்குள்ள வெள்ளம் கேறிச்சு சேச்சி. எல்லாத்தையும் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சோம். லேப்டாப்ப ஓட விட்டபடியே மேல வெச்சுட்டேன். அம்மா வந்து பால் எடுக்க கதவ ஒரு இழு இழுத்தா பாருங்க…"

கடல் பெருகிக் காயல் நீர் வாசற்படி தாண்டும் வேலியேற்ற நாள்களில், நம் ஊரில் ஃப்ரிட்ஜின் உச்சியைக் காட்டிலும் பாதுகாப்பான இடமில்லை என்று எல்லா வீட்டாரும் நம்புகிறார்கள். அவர்களுள் நீயும் ஒருத்தி. உன் கல்யாண ஆல்பமும் ரேஷன் கார்டும் ஆண்டில் பாதி நாள் அங்கேதான் இருந்தன.

"காப்புப் படி உள்ளதா?" என்றேன்.

அவள் விழித்தாள். "எந்தா சேச்சி?"

அந்த இடத்தில் நீ பேசியிருக்க வேண்டும். "பேக்கப் இருக்கான்னு கேக்குறா மோளே. பயப்படாத, இவ இப்படித்தான், சாயா வேணும்னாலும் கலெக்டருக்கு மனு எழுதுற மாதிரிதான் கேப்பா" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வந்திருக்க வேண்டும். எவரிடமும் மாணவியாக அமராமல், கைவிடப்பட்ட கணினிகளைப் பிரித்தும் பூட்டியும் தொழில் கற்றவள் நான். தமிழையும் அவ்வாறே கற்றேன். நம் வயதினர் மலையாளத்தில் கையெழுத்திடப் பழகிய ஊரில், கிடைத்த தமிழ் நூல்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆதலால் என் பேச்சு இவ்வண்ணம் அமைந்தது. அதற்காக நான் ஒருபோதும் வருந்தியதில்லை. எனக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நீ இருந்தாய். வருந்தும் தேவை எழவில்லை.

உன் சொல்லையே எடுத்து, "பேக்கப்" என்றேன்.

"பென் டிரைவ்ல இருந்துச்சு. அது கீழ் டிராயர்ல. வெள்ளத்தோட போச்சு." அதுவரை திடமாக இருந்தவளின் குரல் அங்கே உடைந்தது. இறுதியாண்டு ஆய்வறிக்கையை மறுவாரம் அளித்தாக வேண்டும். "இந்த வருசம் போனா அவ்வளவுதான் சேச்சி. போதும், வேலைக்குப் போன்னு அப்பா சொல்லிருவாரு. இப்பவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் இணைத்தேன். பல்லி கத்தியது. பின் சற்றே அடங்கி, கோப்புகளின் பெயர்களை மட்டும் திரையில் காட்டியது. அத்தகைய டிஸ்க் எந்த நொடியில் கைவிடும் என்று சொல்லவியலாது. எதை முதலில் எடுப்பது என்பதே அங்கு முழு வைத்தியமும்.

அதைக் கேட்பதற்கு உனக்கு ஒரு முறை இருந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் திரும்ப வரும்னு வெச்சுக்கோங்க. எது வரணும்?" என்று சாயாவுக்கு முன் ஒருமுறை கேட்பாய். எதிர்க்கடையிலிருந்து சாயா தருவித்து, குடித்து முடித்த பின் அதையே மீண்டும் கேட்பாய். "முதல்ல சொல்றது ஊருக்கு. சாயா குடிச்சிட்டுச் சொல்றதுதான் உள்ளது" என்பாய். ஏலக்காய்க் கிடங்கின் கணக்கர் ஒருவர் உனக்கு நினைவிருக்கும். முதலில் "ஆபீஸ் ஃபைலு" என்று அதட்டலாகச் சொன்னவர், கிளாஸைக் கீழே வைத்த பின் காது மடல் சிவக்க, "மகள் சின்னதுல பாடுனது ஒண்ணு அதுல கெடக்கும்" என்றார். பாட்டு வந்தது. ஆபீஸ் ஃபைல் வரவில்லை. அவர் போன பிறகு, இது பொறியியல் அன்று என்றேன் நான். "ஆமா. இது சாயா" என்றாய் நீ.

சுகன்யாவிடம் நான் அப்படியொன்றும் கேட்கவில்லை. "ரிப்போர்ட் சேச்சி, ரிப்போர்ட் மட்டும் போதும்" என்று அவளே சொன்னாள். கேட்டவரை அதுவே தெளிவான விடை. அறிக்கைக் கோப்பை எடுக்க முனைந்தேன். அது மிகச் சிறிய கோப்பு. ஒரு நொடியில் வந்திருக்க வேண்டும். ஆயினும் முள் இடித்த இடத்திலேயே அது இருந்தது போலும். டிஸ்க் முனகியது, தடுமாறியது, திரை உறைந்தது. இணைப்பைத் துண்டித்து, மீண்டும் கொடுத்து, மீண்டும் முயன்றேன். பல்லியின் குரல் மாறியது. இன்னும் ஒருமுறை உந்தினால் கிடைத்துவிடும் என்று என் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பை நீ அறிவாய். "புலவரே, கைய எடு" என்று எத்தனை முறை அதட்டியிருக்கிறாய்!

கையை எடுத்தேன். டிஸ்க் ஆறட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு, வாசலில் நின்று எதிர்க்கடைச் சேட்டனிடம் இரண்டு விரல்களைக் காட்டினேன். நீ போன நாள் முதல் அவர் ஒரு சாயாதான் அனுப்பிவருகிறார்.

"ரெண்டோ?" என்றார்.

"ஆம், இரண்டு."

 அவர் பையனிடம் கொடுத்தனுப்பாமல், இரண்டு கிளாஸையும் தாமே ஏந்தி வந்து, உன் நாற்காலியில் இருந்த பெட்டிகளைப் பார்த்து நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். சுகன்யா அதில் அமர்ந்தாள். அவளுக்கு அது வெறும் நாற்காலி. அதுவே முறை, இருந்தும் ஒரு கணம் எனக்கு அது பொறுக்கவில்லை.

அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். உன் சொற்களிலேயே கேட்க எண்ணினேன். வாயில் வந்தவை என் சொற்கள்: "ஒன்றே ஒன்று மட்டும் மீளும் எனில், எது மீள வேண்டும் என விரும்புகிறாய்?"

அழுத கண்களோடு அவள் சிரித்துவிட்டாள். "சேச்சி நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறீங்க." பின் வெற்றுக் கிளாஸை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபடி யோசித்தாள். "ரெக்கார்டிங்" என்றாள்.

எர்ணாகுளத்து ஹோட்டல்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர்களிடம், பாத்திரம் துலக்குவோர், மேசை துடைப்போர், மாவு ஆட்டுவோர், இவர்களிடம் ஆய்வுக்காக அவள் அமர்ந்து பேசிப் பதிவு செய்தவை அவை. "பாதிப்பேர் வேற ஹோட்டலுக்குப் போயிட்டாங்க. கொஞ்சம் பேர் ஊருக்கே போயாச்சு. திரும்ப எங்க போய்த் தேட? ரிப்போர்ட்டு நான் எழுதுனது சேச்சி, எப்படியாச்சும் இன்னொரு தடவ எழுதிருவேன். அவங்க பேசுனத நான் எழுத முடியாதுல்ல?"

அறிக்கையை விட்டேன். ஒலிப்பதிவுகள் இருந்த பகுதிக்குச் சென்றேன். அவை டிஸ்க்கின் காயம்படாத பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக வந்தன. இடையில் இருமுறை டிஸ்க்கை ஆறவிட்டேன்.  பெரும்பகுதி வந்து சேர்ந்த பின், பல்லி இரண்டு முறை கத்தி ஓய்ந்தது. அதன் பிறகு தட்டு சுழலும் ஓசைகூட எழவில்லை. அறிக்கையை எடுப்பதற்காக நான் மேலும் உந்தியிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதைத் தடுத்தது என் கல்வி அன்று.

அடுத்த சில பிற்பகல்கள் அவள் உன் நாற்காலியில் அமர்ந்து, கடைக் கணினியில் அறிக்கையை மறுபடி எழுதினாள். காதில் ஹெட்போன். அதையும் மீறிச் சில குரல்கள் கசிந்தன. யாரோ ஒருவர், ஊரிலிருந்து வந்த புதிதில் கப்பக்கிழங்கும் மீனும் தொண்டையில் இறங்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கடையில் மனிதக் குரல் இருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தேன்.

ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் கேட்டாள்: "சேச்சிக்கு ஒண்ணே ஒண்ணுன்னா, எது திரும்ப வரணும்?"

"பிறகு கூறுகிறேன்" என்றேன்.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்று நேற்று வந்து சொன்னாள். தந்தை ஹோட்டலிலிருந்து அல்வா கொடுத்தனுப்பியிருந்தார். அவள் படிப்பைப் பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லையாம். அவள் போன பின் கடை முன்னைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றியது. அதனால்தான் இன்று இம்மடல்.

மருத்துவமனையில் நானும் உன்னிடம் அதைக் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், அல்லது அவ்வாறு நடித்தேன். "ஒன்றே ஒன்று எனில்?"

"கட" என்றாய் உடனே. "கடைய மூடிராத." பின் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டோரம் அந்தக் குறும்போடு, "இது ஊருக்குச் சொல்றது. போய் சாயா வாங்கிட்டு வா, உள்ளத சொல்றேன்" என்றாய்.

கீழே சென்று வாங்கி வந்தேன். வாய் வழியாக எதுவும் கொடுக்கலாகாது என்று நர்ஸ் தடுத்துவிட்டார். கிளாஸைப் பிடித்தபடி நான் நின்றேன். நீ தூங்கியிருந்தாய். மறுநாளும் அவர்கள் அனுமதிக்கவில்லை. அதற்கு மறுநாள் என்பது நமக்கு இருக்கவில்லை.

கடையை மூடவில்லை. ஊருக்குச் சொன்னதை நான் காத்துவருகிறேன். வருவோரிடம் இரண்டு முறை கேட்கவும் பழகிக்கொண்டேன். இரண்டாம் முறை அவர்கள் சொல்வதையே எடுக்கிறேன். நாற்காலியில் இப்போது பெட்டிகள் இல்லை. உன் இரண்டாம் விடை எதுவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முயல்வதுமில்லை. ஊகம் என் தொழிலுக்கு ஒவ்வாதது.

உனக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதினாலும், "வாசிச்சுக் காட்டு புலவரே" என்று ஜெராக்ஸ் தாள்களை அடுக்கியவாறே கேட்பாய். ஆகையால் இதையும் உரக்கப் படிக்கவே எழுதினேன். சேட்டன் இன்றும் இரண்டு கிளாஸ்தான் அனுப்பியிருக்கிறார். உன்னுடையதை உன் பக்கம் வைத்திருக்கிறேன். இந்த ஒரு முறை மட்டும் உன்னைப்போல் பேசிப் பார்க்கிறேன்.

சாயா ஆறுது. வந்து உள்ளதச் சொல்லுடி.