அக்குளில் இரண்டு விரல் அளவு

அன்பு மச்சான் சேகருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தங்கை மாலதி கடலூரில் அதே செம்மண்டலம் வீட்டில்தான் இருக்கிறாள். உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நான் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு நடத்திக்கொண்டிருக்கிறேன். பிணத்தின் கையைத் தூக்கி அக்குளைக் காட்டும் வகுப்புக்கு மட்டும் வேறொருவரை அனுப்பிவிடுகிறேன்.

ஏனென்று உனக்குத் தெரியும். என்னோடு ஒரே பெஞ்சில் படித்து, என் தங்கையைக் கட்டிய நீ, காஷ்மீரிலிருந்து போனில் கேட்டாய்.

"குண்டு தொளைக்காத ஜாக்கெட்டு ஜாஸ்தி பெருசுடா. துப்பாக்கிய தோள்ல வச்சா அக்குள்ள இடிக்குது. என்னா பண்றது?"

"மேல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டவனுக்கு இங்க 'துல்ஹா'ன்னு பேரு மச்சான். கல்யாண மாப்ளயாம், அளவெடுத்துத் தைக்கணுமாம். நீ டாக்டருதான, சொல்லு."

"டெய்லர்கிட்ட அக்குள் பக்கம் ரெண்டு வெரல் அளவு துணிய வெட்டச் சொல்லு. தட்டுல மட்டும் கை வைக்காத."

நெஞ்சிலும் முதுகிலும் குண்டு தாங்கும் தட்டு இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு. நீ போன பிறகுதான் போர்க்காயங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். தட்டில் குண்டு பட்டவன் பெரும்பாலும் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறான். தட்டு முடிகிற இடத்தில், கழுத்திலோ அக்குளிலோ பட்டவன்தான் எழுவதில்லை. கையைத் தூக்கிச் சுடுகிறவனுக்கு அங்கிருந்து இதயம் ஒரு சாண்கூட இல்லை. வருடாவருடம் நான் நடத்தும் பாடம். அன்றைக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை?

உன் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இடது அக்குள் என்று இருக்கிறது.

கவசத்தை நீ முறையாக அணியவில்லை என்று உன் படைப்பிரிவிலிருந்து கடிதம் வந்தது. மாலதி அதை என்முன் வைத்தாள்.

"அவுரு போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஜாக்கெட்டுதான் மட்டம். நீ படிச்சவன், எழுதிக் குடுண்ணா. செத்தவரு மேலயே பழி போடறாங்க."

ஜாக்கெட் மட்டம் என்று மட்டும் எழுதினால், வெட்டிய இடத்தைக் காட்டி முழுப் பழியையும் உன் தலையில் கட்டுவார்கள். உண்மையை எழுதினால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? கடலூர் பஸ்ஸில் மூன்று முறை ஏறிப் பாதியில் இறங்கிவிட்டேன்.

ஆறடி ஆளுக்கும் உனக்கும் ஒரே அளவை மாட்டிவிட்டவர்களை நான் மன்னிக்கவில்லை. கேட்டவனைக் கேலி செய்தவர்களையும்தான். உன்மேலும் கோபம் இருக்கிறது, மச்சான். கேட்பதற்கு என்னைத் தவிர யாருமே கிடைக்கவில்லையா?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்; அச்சாவதற்குள் மாலதியிடம் நேரில் சொல்லிவிடுவேன். பிறகு எழுதிக் கொடுப்பேன்: ஜாக்கெட்டின் அளவு தவறு, வெட்டச் சொன்னது நான், நீ கவசம் போட்டுக்கொண்டுதான் நின்றாய். அவள் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் அந்தக் கையெழுத்து மாறாது.

மாலதி சம்மதித்தால் உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு எப்போதும் மச்சான்.