பிணையாகப் போன பிள்ளை

மகன் ஃபைலானுக்கு,

உன் அப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. நம் லென்ஸ்டர் நாட்டின் சிற்றரசர்கள் எல்லோரும் வந்தார்கள். பாதையெல்லாம் சேறு என்று நீ சொல்லியனுப்பினாய். சேறு எல்லோருக்கும்தான் இருந்தது.

உங்கள் மடத்தின் ஆண்டுக் குறிப்பேட்டில் நீ எழுதிய வரியைப் பிரதியெடுத்து வாங்கிப் படித்தேன். "பிணையாக இருந்த மகனைச் சாகவிட்டுப் போருக்குப் போன மன்னன் இறந்தான்." கையெழுத்து நன்றாக இருக்கிறது.

நடந்தது உனக்குத் தெரியாது. நம் படை நகர்ந்தால் வடக்கு மன்னனிடம் பிணையாக இருந்த உன் அண்ணன் ஈகனின் உயிர் போகும் என்பது ஒப்பந்தம். புறப்படும் நாள் காலையில் உன் அப்பா என்னைத் தேடி மாட்டுப்பட்டிக்கே வந்தார்.

"பையன் அங்க இருக்கானேடி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, படையத் திருப்பிடறேன்."

"எங்கப்பாவா இருந்தா பொண்டாட்டிகிட்ட வந்து கேட்டுட்டு நிக்கமாட்டார்" என்றேன்.

அவர் போனார், வென்றார். அதன்பின் பதினோரு வருஷமும் ஒவ்வொரு விருந்திலும் மூத்த மகன் பங்கென்று ஈகனுக்குரிய தொடைக்கறியை வெட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நான் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, நீ முகம் கொடுக்காமல் போனபோதுகூட.

கன்றுத்தோலில் தவறாக எழுதியதைக் கத்தியால் சுரண்டிவிட்டுத் திருத்த வேண்டும் என்று கன்னியர் மடத்தில் எனக்குக் கற்றுத்தந்தார்கள். அந்த வரியைச் சுரண்டு. போகவைத்தவள் தாய் என்று எழுது. உனக்குக் கை வராவிட்டால் நானே வந்து எழுதுகிறேன், பாதை சேறாக இருந்தாலும்.

அவனையும் உன்னையும் பெற்றவள்