துறவிக்கு நிறுத்தத் தெரியவில்லை

செவ்வாய், ஜூன் 3

காலையில் கொட்டித் தீர்த்த மழை. சாங்கி விமான நிலையத்தில் காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தால் வெயில். நேராகக் காலாங், தொழிற்பேட்டைக் கட்டடம், ஐந்தாவது மாடி. ஃபரீதா லிஃப்ட் வாசலிலேயே நின்றாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து இருவரும் ஒரே விரிப்பில். அப்போது ஒரே கராத்தே அணி. இப்போது அவள் ஒரு கேம் கம்பெனியில் உருவங்களுக்கு அசைவு கொடுக்கிறாள். நான் சரக்கு முனையத்தில் ஏற்றுமதிப் பெட்டிகளுக்குச் சீட்டு சரிபார்க்கிறேன். என்னோடு அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். இங்கே என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

கேமுக்காக என் அசைவுகளைப் பதிவு செய்யத்தான் கூப்பிட்டிருந்தாள். கறுப்பு இறுக்க உடை. உடம்பெல்லாம் சாம்பல் நிறக் குமிழ்கள் ஒட்டினார்கள். நான் கால் தூக்கினால் திரையில் முகமில்லாத ஓர் உருவம் கால் தூக்குகிறது. அதன் முழங்கால் என் முழங்கால். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் இப்படியா நிற்கிறேன்? முப்பத்தொன்பது வயது வரை யாரும் சொல்லவில்லையே.

அந்த உருவம் ஒரு துறவி. கேமில் நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விளையாட வேண்டும்: வாள்வீரன், வில்லாளி, மந்திரக்காரி, துறவி. துறவிக்கு ஆயுதம் கிடையாது. கையும் காலும்தான். அவரை வடிவமைப்பவர் பிரகாஷ், கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து நான்கு வருடம். அவரிடம் கேட்டேன்.

"துறவி எதுக்கு அடிக்கணும்? அவருதான் எல்லாத்தையும் விட்டவராச்சே?"

"எல்லாத்தையும் விட்டுட்டாருங்க. கைய மட்டும் எங்க விடுறதுன்னு தெரியல."

சிரித்தார். நானும்.

இன்னும் கேட்க வேண்டியவை: மொட்டையா, சடையா? செருப்பு உண்டா? (உதைக்கும்போது முக்கியம்.) காயம் பட்டால் யார் பார்த்துக்கொள்வது?

வாங்க: வெங்காயம், முழங்கால் பட்டை.

வியாழன், ஜூன் 5

தொடை இரண்டும் கல். படி இறங்கும்போது "அம்மா" என்று வாய் தானாகச் சொல்கிறது.

பிரகாஷ் சோதனைக்காக ஒரு மடிக்கணினியும் பொத்தான் வைத்த விளையாட்டுக் கைப்பிடியும் கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து விளையாடினேன். முதல் பாலத்தில் ஒரு கல் பூதம். பதினொரு முறை செத்தேன்.

என் கணவர் சேகர் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக் கூட மாற்றாமல் பின்னால் நின்றார்.

"இவன் ஏன் பக்கத்துல போறான்? தூர நின்னு கல்ல எறிய வேண்டியதுதானே."

"துறவிங்க. கிட்டப் போய்த்தான் அடிக்கணும்."

"கிட்டப் போறவருக்கு என்ன துறவு? தள்ளு, நான் வில்லாளி ஆடுறேன்."

இரண்டாவது முறையிலேயே பாலத்தைத் தாண்டிவிட்டார். எரிச்சல்.

பிரகாஷின் பயமும் இதுதான். இதுவரை வைத்த சோதனைகளில் துறவியை எடுத்தவர்கள் பாதியில் கைவிட்டார்கள். 25ஆம் தேதி வெளியாட்களை வைத்து இன்னொரு சோதனை. அன்றும் யாரும் அவரோடு நிற்கவில்லை என்றால் கேமிலிருந்து தூக்கிவிடுவார்களாம். இரண்டு வருட வேலை.

துறவி ஏன் சாகிறார் என்று உட்கார்ந்து பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் கை கிளம்புகிறது. கிளம்பிய கை முழுதும் போய்த்தான் திரும்பும். அதற்குள் பூதம் கையை ஓங்கிவிடுகிறது, தெரிகிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை. வில்லாளிக்குத் தூரம் இருக்கிறது. இவருக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறு, ஜூன் 8

தேக்கா கடைத்தெருவில் கூட்டம். விடுமுறை நாள், தொழிலாளர்கள் எல்லாரும் தெருவில். பிரகாஷ், ஃபரீதா, நான், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு. பக்கத்து மேசையில் ஒருவர் போனில்: "மீன் தலை நல்லா இருக்கு, நீதான் இல்ல." மனைவியிடமா? தெரியவில்லை. இரண்டு முறை சொன்னார்.

நான் கண்டதைச் சொன்னேன். "அடிய நடுவுல நிறுத்த விடுங்க."

பிரகாஷ் ரசத்தைக் கீழே வைத்தார். "பாதில நிறுத்துனா பாக்கக் கேவலமா இருக்குமுங்க. கை தொங்கிட்டு நிக்கும்."

"நல்லா நிறுத்துனா தொங்காது. நிறுத்துறதும் ஒரு அசைவுதான்."

"அப்ப ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தத்த நீங்களே செஞ்சு காட்டணும். முடியுமா?"

முடியும் என்றேன். யோசிக்காமல் சொன்னேன். ஃபரீதா அப்பளத்தை உடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

சனி, ஜூன் 14

எழுதாமல் இருந்தால் நல்லது. எழுதுகிறேன்.

ஃபரீதா மெத்தைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் குத்த வேண்டும். அவள் நினைத்தபோது "யாமே" என்பாள். போட்டியில் நடுவர் நிறுத்தச் சொல்லும் சொல் அது. கேட்ட இடத்தில் கை நிற்க வேண்டும்.

முதல் முறை பலகையில் இடி. இரண்டாவதும். ஏழாவதில் அவள் மணிக்கட்டு மடங்கியது. பலகையைத் தரையில் வைத்தாள்.

"மலர், காது கேட்குது தானே?"

"கேட்குது."

"கேட்டும் போகுதா?"

"போகுது."

பிரகாஷைக் காப்பி வாங்கி வரச் சொன்னாள். அவர் போனதும் கேட்டாள்.

"அன்னைக்கும் கேட்டுச்சா?"

அன்று: பன்னிரண்டு வருடம் முன்பு, போட்டியின் அரையிறுதி. நான் ஒரு புள்ளி பின்னால். எதிரே ஹுய் மின். நடுவர் ராஜமாணிக்கம் சார் "யாமே" என்றார். அதன் பிறகு என் குத்து விழுந்தது. ஹுய் மின்னின் தாடை உடைந்தது. விசாரணையில் நான், "சத்தம் கேட்கலை" என்றேன். முதலில் ஃபரீதாவிடம் சொல்லி, பிறகு அவர்களிடம். ஃபரீதா என் மூலையில் துணைக்கு நின்றவள். என்னை நம்பி, "எனக்கும் கேட்கலை, நடுவர் தாமதமாத்தான் சொன்னார்" என்று சாட்சி சொன்னாள். ராஜமாணிக்கம் சாரை இனி விரிப்பில் ஏற வேண்டாம் என்றார்கள். நான் பயிற்சியை விட்டேன். துக்கத்தில் விட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். இன்று வரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"கேட்டுச்சு," என்றேன்.

அவள் மடங்கிய மணிக்கட்டைத் தேய்த்தாள்.

"உனக்காக நான் ஒரு மனுஷன் மேல பழி போட்டிருக்கேன், மலர்."

காலணியை மாட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். பிரகாஷ் மூன்று காப்பியோடு வந்து, யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

திங்கள், ஜூன் 16

வெக்கை. முனையத்தில் ஆர்க்கிட் பெட்டிகள், தோக்கியோவுக்கு. ஒரு சீட்டில் எடை தவறு, திருப்பி அனுப்பினேன். ஃபரீதாவிடமிருந்து செய்தி இல்லை.

சேகருக்கு இன்று ஓய்வுநாள். துணி மடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன், முழுதும். கையிலிருந்த சட்டையை மடித்து முடிக்கவே இல்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததா?"

"ஆமா."

"பத்து வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்னை வேற மாதிரி பார்ப்பீங்கன்னு."

"இப்ப வேற மாதிரிதான் பார்க்குறேன்." சட்டையை மறுபடி விரித்தார். "அந்த நடுவர் இருக்காரா?"

எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிக்கூடப் பார்த்ததில்லை என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது.

புதன், ஜூன் 18

ஃபரீதாவின் செய்தி: "வா. வேலை பாதியில் இருக்கு."

போனேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பலகையைக் கம்பெனி ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவள் திரைக்குப் பக்கத்தில். இருபது முறை குத்தினேன், இருபதும் போனது.

பிறகு அவளே கண்டுபிடித்தாள். பதிவை மெதுவாக ஓட்டினாள்; திரை உருவத்தின் விலாவைத் தொட்டுக் காட்டினாள். "இங்க பார். கை கிளம்பும்போதே மூச்சு முழுக்க காலி. எதை வச்சு நிறுத்துவ?"

உண்மை. கத்திக்கொண்டு குத்தப் பழகிய உடம்பு. எல்லா மூச்சையும் குத்தோடு அனுப்பிவிடுகிறேன். பாதியை வைத்துக்கொண்டு பாதியோடு குத்தினால்? வலு குறையும் என்று நினைத்தேன். குறைந்தது, கொஞ்சம்தான். ஆனால் அறையில் இருக்கும் எல்லாச் சத்தமும் கேட்கிறது. குளிர்சாதனம், பிரகாஷ் நகம் கடிப்பது, "யாமே".

நின்றது. பலகைக்கு ஒரு விரல் தூரத்தில்.

அடுத்ததும் நின்றது. திரையில் துறவி நின்றார். கை தொங்கவில்லை. எதையோ கேட்கிறவர் மாதிரி இருந்தது. பிரகாஷ், "ஐயோ, இதாங்க, இதாங்க," என்று நாற்காலியைச் சுற்றி வந்தார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை கை நிற்காதது பழக்கம். அரையிறுதி அன்று விரிப்பில் போனது பழக்கமில்லை. நான்தான்.

கிளம்பும்போது ஃபரீதா: "ராஜமாணிக்கம் சாரோட விலாசம் கிடைச்சிருச்சு. மார்சிலிங். போகும்போது நானும் வரேன். பாதி தப்பு என்னோடது."

புதன், ஜூன் 25

சோதனை. எட்டு வெளியாட்கள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பிரகாஷ் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

முதல் சுற்றில் ஐந்து பேர் வில்லாளி, வாள்வீரன், மந்திரக்காரி. மூன்று பேர் துறவி. அதில் ஒருவர் இரண்டாவது சாவில் மாறிவிட்டார். இன்னொருவர் கைப்பிடியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். மிச்சம் ஒரு பெண். கழுத்தில் அலுவலக அட்டை, மடியில் மார்க்கெட் பை, அதில் கீரை நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு முறை செத்தாள்.

ஐந்தாவதில் பூதம் கையை ஓங்கியது. அவள் பயந்து பொத்தானை விட்டாள். துறவியின் குத்து பாதியில் நின்றது. குத்தைத் தடுக்கப் பூதம் ஓங்கிய கையைக் குறுக்கே இறக்கியிருந்தது, தடுக்க ஒன்றும் வரவில்லை. துறவி பக்கவாட்டில் நகர்ந்தார். அவள் மறுபடி அழுத்தினாள்.

"ஓ!" கண்ணாடி தாண்டிக் கேட்டது. பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தாள். "அவன் நிக்கிறான் லா! விட்டா நிக்கிறான்!"

தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வில்லாளியை விட்டு இருவர் துறவிக்கு மாறினார்கள். நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

மாலை முடிவு: துறவி இருக்கிறார். பிரகாஷ் அழுதார், கண்ணில் தூசி என்றார். எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வரும் ரயிலில் வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியதை எழுதிக்கொண்டேன். இரண்டே வரி.

வெள்ளி, ஜூன் 27

1. கராத்தே சங்கத்துக்குக் கடிதம். அனுப்பியாயிற்று. என் பெயர், நடந்தது, நடுவர் மேல் தவறில்லை. ஃபரீதாவும் தன் சாட்சியைத் திரும்பப் பெற்று எழுதிவிட்டாள்.

2. ஹுய் மின். மெல்பர்னில் இருக்கிறாளாம். நேற்று எழுதினேன், இன்று மதிய இடைவேளையில் பதில். "தாடை சரியாகிவிட்டது. குளிர்காலத்தில் கொஞ்சம் வலிக்கும். நீ சொன்னது நல்லது. மன்னித்தேன் என்று இன்று எழுத முடியவில்லை."

சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு முறை படித்தேன். நியாயம்.

ஞாயிறு, ஜூன் 29

தோ பாயோ வீட்டிலிருந்து மார்சிலிங், ஃபரீதாவோடு. வழியெல்லாம் அவளும் நானும் அதிகம் பேசவில்லை. ஏழாவது மாடி. கதவைத் திறந்தவர் ராஜமாணிக்கம் சாரேதான். மெலிந்துவிட்டார். முதுகு மட்டும் நேராக.

"மலர்விழி தானே? நீல மூலை," என்றார். "உள்ள வாங்க. உட்காருங்க, டீ போடச் சொல்றேன்."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "யாமே" கேட்டதை, கை போனதை, பொய்யை. நடுவில் நிறுத்தவில்லை. ஃபரீதா தன் பங்கை மலாயில் சொன்னாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணு மட்டும் கேட்கணும்மா. நான் எப்போ சொன்னேன்? உன் கை கிளம்புறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி சார். நீங்க சொன்னப்போ கை இடுப்புலதான் இருந்துச்சு."

"இடுப்புலயா?"

"ஆமா சார். நல்லா ஞாபகம் இருக்கு."

வலது கையைத் தூக்கினார், விரிப்பில் தூக்குவது போல. அப்படியே வைத்திருந்தார். உதடு ஏதோ எண்ணியது.

"வயசாயிடுச்சு, தாமதமாத்தான் சொல்லியிருப்பேன்னு நானே நம்பிட்டேன். அந்தப் பொண்ணு தாடைய நான்தான் உடைச்சேன்னு..." கையை இறக்கினார். பிறகு எங்களை விட்டுவிட்டுச் சமையலறையிலிருந்த மனைவி பக்கம் திரும்பினார்.

"கமலா! அடுப்ப அணைச்சிட்டு வா. இங்க வந்து இந்தப் பொண்ணு சொல்றதக் கேளு. நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்!"