இடக்கை கொடுத்தவளுக்கு

அலுமாரியைத் திறந்தேன்; உன் கழுத்துப்பட்டி மடிப்புக் குலையாமல் காலடியில் விழுந்தது. உன் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுநாள் உன் கணவர் கொண்டுவந்து தந்தது. கஞ்சி மணம் இன்னும் போகவில்லை. சாரணியக் கழுத்துப்பட்டியைச் சோறு வடித்த கஞ்சியில் தோய்த்துக் காயவைத்துச் சூட்டுப்பெட்டியால் மினுக்குகிறவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான். "கழுத்திலை குத்தவேணும், அப்பதான் ஆள் நிமிர்ந்து நிக்கும்" என்பாய். எனக்குக் குத்தியதுதான் மிச்சம்.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் ஆறு புதுப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதற்கு முதல் உன்னோடு ஒன்று கதைக்க வேண்டும். ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். நான் பிழை விட்டால் முதலில் மற்றவர்களைத்தான் ஏசுவேன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை ஏசுவதற்கு ஆளில்லை.

பள்ளிக்கூட நாளில் நாம் இருவரும் சாரணியத்தில் சேர ஆசைப்பட்டோம். சீருடைக்குத் துணி எடுத்த மாதமே சண்டை வந்து ஊரைவிட்டு இடம்பெயர்ந்தோம். அந்தத் துணி எங்கே போனதென்று இன்றும் தெரியாது. பிறகு நாற்பத்தாறு வயதில், எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டமொன்றில் அதிபர் எழும்பி, பொறுப்பெடுக்க ஆளில்லாததால் சாரணியர் அணியை மூடப்போவதாகச் சொன்னார். நீ உன் கையையும் உயர்த்தி என் கையையும் பிடித்து உயர்த்தினாய். "ஓம், நாங்கள் ரெண்டு பேரும் வாறம்" என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை உன்னை ஏசிக்கொண்டு வந்தேன். நீ சீருடைக்கு எந்த நிறத் துணி, எத்தனை மீற்றர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

முதல் பயிற்சி வகுப்புக்குக் காங்கேசன்துறை வீதியில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். வாசலில் வகுப்பு நடத்துகிற அம்மா சிரித்த முகத்தோடு உன்னிடம் இடக்கையை நீட்டினா. நீ அந்தக் கையைப் பார்த்தாய், அவவின் முகத்தைப் பார்த்தாய், பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பிக் கும்பிட்டாய். அவவின் கை அந்தரத்தில் நின்றது. நான் உன் காலை மிதித்தேன். இடக்கை இருதயத்துக்குக் கிட்ட இருக்கிற கை, உலகம் முழுக்கச் சாரணர்கள் அதைத்தான் கொடுப்பார்கள் என்று அவ பொறுமையாக விளங்கப்படுத்தினா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புறுபுறுத்தாய். "இருதயத்துக்குக் கிட்ட எண்டால் அது கிட்டவே இருக்கட்டுமன். ஊருக்கு ஏன் நீட்டுவான்?"

"அப்ப விடுவமோ?" என்று கேட்டேன். விலகிக்கொள்ள எனக்கு அது ஒரு சாட்டு.

"வாறமெண்டு சொல்லிப்போட்டு விடுறதோ? சாரணியத்திலை மட்டும் குடுப்பன். வெளியிலை ஒருத்தருக்கும் இல்லை. விளங்குதே?"

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கிழமை பழகினோம். ஒவ்வொரு முறையும் கை கொடுத்த கையோடு சேலைத் தலைப்பில் துடைத்தாய். "என்ரை கையிலை என்னடி சாணியோ?" என்று கத்தினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், மறுபடியும் துடைத்தாய்.

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு உனக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்து சில மாதங்களில் நடை தேறியது, பேச்சும் தேறியது. வலக்கை மட்டும் அசையாமல் மடியில் கிடந்தது. நீ வெளியே வருவதை நிறுத்தினாய். கோயில் இல்லை, கலியாண வீடு இல்லை, சனிக்கிழமை மைதானமும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இடக்கையால் தேத்தண்ணி நீட்ட மனமில்லாமல், படலைச் சத்தம் கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாய் என்று உன் கணவர் சொல்லிக் கவலைப்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் நேரே உன்னிடம் வந்தேன். வாழையிலைத் துண்டில் இருந்த திருநீற்றை நீட்டினேன். நீ வாங்கவில்லை. நான் நீட்டினபடி நின்றேன், நீ பார்த்தபடி இருந்தாய். பொறுமை எனக்கு என்றைக்கு இருந்தது?

"ஒரு கைதானே போச்சு. மற்றக் கையாலை வாங்கனடி" என்றேன்.

"திருநீறை இடக்கையாலை வாங்கச் சொல்லுறியோ?" உன் குரல் உயரவே இல்லை. "உனக்கு ரெண்டு கையும் இருக்கு. நீ கதைப்பாய்."

திருநீற்றை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். உனக்குத் தலைக்கனம் என்று வழியெல்லாம் எனக்குள்ளே ஏசினேன். மூன்று மாதம் உன் படலையைத் தாண்டித் தாண்டிப் போனேன், உள்ளே வரவில்லை.

அந்த மூன்றாம் மாதத்தில் ஒருநாள் நான் செய்ததை உனக்குச் சொன்னதே இல்லை. காலையில் எழும்பியதும் என் வலக்கையைச் சேலைக்குள் செருகிக்கொண்டேன். அன்று முழுக்க எல்லாம் இடக்கையால் என்று எனக்கு ஒரு வீம்பு. உன் கஷ்டம் அப்படியொன்றும் பெரிதில்லை என்று எனக்கே காட்டத்தான் தொடங்கினேன். சீப்பால் தலை இழுத்தேன், பொட்டு மூக்கில் போனது. தேங்காய் துருவ முடியவில்லை. என் கணவர் பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரோ?" என்று கேட்டார். அதெல்லாம் பரவாயில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தபோது வாய் திறக்கவில்லை. பசி வயிற்றைக் கிள்ளுகிறது, கையில் சோறு இருக்கிறது, வாய் மாட்டேன் என்கிறது. நீ வீம்புக்கு இருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழுதேன். அழுகிற கண்ணைத் துடைக்கவும் வலக்கைதான் வந்தது.

அன்று பின்னேரமே சீருடையைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, சைக்கிளில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ விறாந்தையில் இருந்தாய். நீ எழும்பி உள்ளே போக முதல் நான் முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, மூன்று விரலால் சலூட் அடித்து, இடக்கையை நீட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கை மட்டும்தான் வந்தது.

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "உதென்ன, ஒருத்தரும் இல்லாத இடத்திலை சீருடை?"

"சாரணிய அலுவலா வந்திருக்கிறன்" என்றேன்.

பிறகு உன் இடக்கை எழும்பி வந்து என் கையைப் பிடித்தது. நோகப் பிடித்தாய். "சாரணியத்திலை மட்டும். விளங்குதே?" என்றாய். அந்தமுறை நீ துடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தாய். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் குறைவான கையாக இருந்தது, அங்கே சரியான கையாக இருந்தது. புதுப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கும்போது ஒவ்வொருத்திக்கும் நீதான் கை கொடுத்தாய். யாராவது மறந்து வலக்கையை நீட்டினால், "மற்றக் கை பிள்ளை, மற்றக் கை" என்பாய். கயிற்றை ஒரு தலைப்பில் பல்லால் கடித்துக்கொண்டு இடக்கையால் முடிச்சுப் போடுவாய். பிள்ளைகளும் கை இரண்டு இருக்கப் பல்லால் கடிக்கத் தொடங்கினார்கள். கோயிலுக்கு மட்டும் கடைசிவரை நீ வரவில்லை. நான் பிறகு வற்புறுத்தவும் இல்லை. திருநீற்றை நானே உன் நெற்றியில் பூசிவிடுவேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய்.

இனி, நான் சொல்ல வந்தது.

உன் செத்தவீட்டில் நான் சீருடையில் நின்றேன். பிள்ளைகள் முற்றத்தில் இரண்டு வரிசையாக நின்றார்கள். வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். அரிசியை நான் இடக்கையில்தான் எடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, உன்னிடம் அந்தக் கைதான் போகும். அரிசியோடு கை உன் வாய்க்குக் கிட்ட வந்துவிட்டது. பின்னால் உன் பெரியம்மா, "என்ன பிள்ளை, சோத்துக்கையாலை போடு" என்றா. எல்லோரும் பார்த்தார்கள். நான் அரிசியை மற்றக் கைக்கு மாற்றிப் போட்டேன்.

நீ சொன்னபடி பார்த்தால் அது சரிதான், செத்தவீடு சாரணியம் இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் கழுத்தில் பட்டி இருந்தது. பின்னால் நின்று ஒருத்தி சொன்ன ஒரு சொல்லுக்குப் பயந்து, உன்னிடம் கடைசியாக வந்த கையை நான் இழுத்துக்கொண்டேன். உன்னை அறைக்குள் வைத்துப் பூட்டிய அந்தப் பயம்தான் அது. உன்னை விட்டுப் போய்விட்டது, என்னிடம் இருந்திருக்கிறது.

இன்று பின்னேரம் ஆறு பிள்ளைகளுக்கும் நான்தான் கை கொடுக்க வேண்டும். உன் பட்டியைக் கட்டிக்கொண்டு போகிறேன். குத்தட்டும்.

இந்த வரியிலிருந்து இடக்கையால் எழுதுகிறேன். எழுத்துச் சரிந்து சரிந்து போகிறது, இத்தனை வரி எழுதவே கை வலிக்கிறது. அன்றைக்கு இழுத்துக்கொண்ட கை இதுதான்.

பிடி.