உன் விரல் வைக்கும் முடிச்சு

கோபித்துக்கொண்டு போன வீட்டுக்காரிக்கு,

மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பாய். பத்து நாள் என்று சொல்லிப் போனவள், மூன்று மாதம் ஆகிறது. நான் நாள் எண்ணவில்லை, காலண்டர்தான் சொல்கிறது.

சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டேன். "தட்டு வைக்க இடமில்ல, உங்க கப்பல் நிக்க மட்டும் இடமிருக்கு" என்று கத்தினாயே, இப்போது நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன்.

இப்போது செய்யும் பொம்மைப் பாய்மரப் படகு முடியும் கட்டத்தில் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று முறை வார்னிஷ் அடித்தேன். பாய்களை நானே தைத்தேன். தையல் கோணல்தான், சிரிக்காதே.

மிச்சம், பாயை மரத்தோடு இழுத்துக் கட்டும் நூல் ஒன்றுதான். அந்த முடிச்சுக்கு என் இரண்டு கை போதாது. "சீக்கிரம் கட்டுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே நூலை விரலால் அழுத்திப் பிடிப்பாய். முப்பது வருடமாக, ஒவ்வொரு படகிலும்.

நேற்று மகள் போனில், "அம்மா இல்லாம எப்படிப்பா கட்டுவீங்க?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்து, நீ விரல் வைக்கும் இடத்தில் மாட்டினேன். நூல் அசையவே இல்லை. முடிச்சு கச்சிதமாக விழுந்தது. இத்தனை வருடமும் ஒரு கிளிப்பே போதுமாக இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவிழ்த்துவிட்டேன்.

படகு ஜன்னலோரம் இருக்கிறது. நூல் தொங்குகிறது. மகள் கேட்டால், அப்பாவால் கட்ட முடியவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
நீ வைத்த பெயரிலேயே,
மரத்தூள் மனுஷன்