வெயில் கணக்கில் ‘அம்மா’ என்று ஒரு வரி

எலிக்குட்டி, உன் பெயரைத் தாளின் தலையில் எழுதினால்தான் கை ஓடுகிறது. இனி ஐயாவுக்கு எழுதப் போகிறேன். நடுவில் பேசாதே.

அனுப்புநர்:
துப்புரவுப் பணியாளர் (அடையாள அட்டை எண் 417),
மூன்றாம் மாடி, மேற்குப் பக்கம்,
அரசு மருத்துவமனை, புதிய கட்டடம்.

பெறுநர்:
உயர்திரு விசாரணை அதிகாரி அவர்கள்,
பொதுக் கட்டடங்கள் துறை.

பொருள்: மூன்றாம் மாடி டயாலிசிஸ் கூடம் தாங்க முடியாத சூடாக இருப்பதற்குக் காலமான என் மகளின் கணக்குப் பிழையே காரணம் என்று எழுதிய அறிக்கையை முடிவு செய்யும் முன், பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் வந்து பார்க்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் வரைவு அறிக்கை, பக்கம் 9 மற்றும் பக்கம் 31.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதும் முறையை நகல் எடுக்கும் கடை அக்கா சொல்லிக்கொடுத்தார். எழுத்து என்னுடையது. வரி கோணலாகப் போனால் அது அவர் தப்பு இல்லை. தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்தேன். முதல் முறை தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அறிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. இன்று இருபத்தாறாம் நாள். இந்த இருபத்தாறு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறேன். இந்த மனுவையும் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

2. என் மகளைத் தங்கள் அறிக்கை ‘கட்டட ஆற்றல் மாதிரியாளர்’ என்று சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு வெயில் கணக்கு என்று பெயர். சின்ன வயதில் பென்சில் முனையைக் கடித்துக் கடித்துத் தீர்ப்பாள், அதனால் அவள் எலிக்குட்டி. அவளுக்கு அப்பாவும் நான்தான். ஒரு கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பது அவள் தொழில். சுவர் எவ்வளவு தடிமன், கண்ணாடி எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர், எத்தனை விளக்கு, யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு வருடத்து வெயிலை அதன் மேல் ஓட விடுவாள். எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரம். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அது ஓடி முடியும் வரை அவளும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். உட்காரேன்டி என்றால், அது ஓடும்போது நான் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்துவிடும் என்பாள்.

3. வெயிலுக்கு எதற்கு ஒரு கணக்கு, வந்தால் காயப்போகிறது, போனால் ஆறப்போகிறது என்று நான் கேலி செய்ததுண்டு. அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மனுவே அதில்தான் இருக்கிறது. “அம்மா, குடை பிடிச்சிட்டுப் போறவனுக்குத் தலை துவட்ட ஒரு சின்னத் துண்டு போதும். துண்டு வாங்குனப்புறம் குடையைப் பிடுங்கிட்டா என்ன ஆகும்?” குடை என்று அவள் சொன்னது கண்ணாடிக்கு வெளியே பொருத்தும் நிழல் பலகையை. துண்டு என்றது ஏசி. நிழல் பலகை இருந்தால் சின்ன ஏசி போதும், கரண்டும் மிச்சம். ஆனால் ஒரு ஜன்னல் மாறினாலும் கணக்கை முதலில் இருந்து ஓட்ட வேண்டும். அது அவள் வைத்திருந்த சட்டம்.

4. அவள் ஒரு தப்பு செய்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. இந்த மருத்துவமனையைக் கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் காட்டினாள். டாக்டர், நர்ஸ், நோயாளி, கூட வருபவர் என்று வரிசையாகப் போட்டிருந்தாள். கட்டடம் காலை ஏழு மணிக்குத் திறக்கும், அதற்கு முன் உள்ளே ஆளே இல்லை, காற்றாடிகூட ஓடாது என்று சொன்னாள். நான் கேட்டேன்: “அப்ப தரையை யாருடி துடைச்சது? நாங்க ஆள் இல்லையா?” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். இத்தனை வருடம் உன் சம்பளத்தில் படித்துவிட்டு உன்னையே விட்டுவிட்டேனே என்றாள். எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை பேர், வாளியில் வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் ஒரு வரி சேர்த்து அதற்கு ‘அம்மா’ என்று பெயர் வைத்தாள். அதன் பிறகு மொத்தக் கணக்கையும் மறுபடி ஓட்டிவிட்டு வீட்டுக்குள் நடந்தாள்.

5. கட்டடம் பாதி எழும்பியபோது என் மகள் போய்விட்டாள். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, ஸ்கூட்டரில் போகும்போது லாரி. அவளுக்கு இருபத்தேழு வயது. இதைப் பற்றி இங்கே வேறு எதுவும் எழுதவில்லை.

6. கட்டடம் திறந்த பிறகு, மேற்பார்வையாளரிடம் கேட்டு இந்த மாடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அவள் முதலில் கட்டிய வீட்டுக்குக் குடிபோவது போல வந்தேன். வாசலில் பச்சை இலை போட்ட ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் நடக்கும் சிறந்த கட்டடம் என்று அதில் எழுதியிருக்கிறதாம். அது என் மகளின் கணக்கை வைத்து வாங்கியது. தினமும் அதைப் பளபளப்பாக்குவது நான். அதில் அவள் பெயர் இல்லை. தங்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. இனிஷியலோடு முழுப் பெயரும் இருக்கிறது. பெருமைக்குத் தேவைப்படாத பெயர் பழிக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறது.

7. கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு நாற்காலி, பதினோரு மெஷின். வந்து படுத்தால் நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசி. வெயில் மேலே விழுந்தால் எழுந்து நகர முடியாது, திரும்பிப் படுக்கக்கூட முடியாது. பிற்பகல் ஆட்களுக்குத்தான் கஷ்டம். மூன்று மணிக்குக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஏழாம் நாற்காலியில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வாரம் மூன்று நாள் வருவார். நாங்கள் ஓட்டுநர் ஐயா என்போம். “நாப்பது வருசம் எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன்மா நான். எஞ்சினாவது ஸ்டாப்பிங்ல ஆறும்” என்பார். சில மாதங்களுக்கு முன்பு அவருக்குத்தான் பிரஷர் இறங்கி, கண் செருகி, தலை தொங்கிவிட்டது. அதற்காகத்தான் தங்கள் விசாரணையே வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இப்போதும் ஏழாம் நாற்காலிக்குத்தான் வருகிறார், வேறு இடம் இல்லை.

8. தங்கள் குழு பார்வையிட வந்தது காலை பத்தரை மணிக்கு. மேற்குக் கண்ணாடியில் அந்த நேரத்தில் வெயிலே இருக்காது ஐயா. அதோடு இன்னொன்று. நர்ஸ்கள் வெயிலுக்காகப் பழைய எக்ஸ்ரே படங்களையும் செய்தித்தாளையும் கண்ணாடி முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும், எடு என்று முந்தின நாள் உத்தரவு வந்தது. பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தது நான்தான். தாங்கள் பார்க்க வேண்டிய சாட்சியை நானே குப்பைக் கூடையில் போட்டேன். அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அது உறைத்தது. அன்றிலிருந்துதான் உட்கார முடியாமல் போனது.

9. ஒன்பதாம் பக்கத்தில், “கணக்கீட்டாளர் கூடத்தின் உண்மையான பயன்பாட்டைக் கருத்தில் கொள்ளாமல் குளிரூட்டும் தேவையைக் குறைவாக மதிப்பிட்டுள்ளார். அவர் தற்போது உயிருடன் இல்லாததால் விளக்கம் பெற இயலவில்லை” என்று இருக்கிறது. விளக்கம் பெற இயலவில்லை என்பது சரி. என்னாலும் இயலவில்லை. ஆனால் முதல் வாக்கியம் சரியில்லை. தங்கள் அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கத்திலேயே அவள் கணக்கின் தாள் இணைத்திருக்கிறது. நகல் கடை அக்கா விரல் வைத்துக் காட்டினார். ‘அம்மா, ஆறு பேர், காலை நாலரை முதல் ஏழு வரை, மதியம் ஒன்று முதல் இரண்டு வரை.’ மதியம் நாங்கள் துடைக்கும் ஒரு மணி நேரத்தைக்கூட விடாதவள், நாற்காலியில் கட்டிப்போட்டது போல் கிடக்கும் பதினோரு பேரை விட்டிருப்பாளா?

10. அதே தாளில் அதற்குக் கீழே, மேற்குக் கண்ணாடிக்கு வெளியே இரண்டடி நீளத்தில் சாய்ந்த நிழல் பலகைகள் இருபத்திரண்டு என்று இருக்கிறது. ஐயா, எனக்குக் கணக்குத் தெரியாது. துடைக்கத் தெரியும். மூன்றாம் மாடி மேற்குப் பக்கக் கண்ணாடி இருபத்திரண்டையும் மாதம் ஒரு முறை வெளியே கயிற்றில் இறக்கும் தொட்டிலில் தொங்கித் துடைப்பதும் எங்கள் வேலை. அங்கே பலகை கிடையாது. இருந்திருந்தால் அதன் தூசியையும் நான்தான் துடைத்திருப்பேன். எங்கள் வேலைப் பட்டியலில் கதவுக் குமிழ் முதற்கொண்டு இருக்கிறது, நிழல் பலகை இல்லை. அவள் கணக்குப்படி சின்ன ஏசியை வாங்கியிருக்கிறார்கள். அவள் போட்ட பலகையை விட்டுவிட்டார்கள். விட்ட பிறகு கணக்கை மறுபடி ஓட்டவும் இல்லை. குடையைப் பிடுங்கிவிட்டுத் துண்டு சின்னது என்கிறீர்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

11. நான் அவள் அம்மா என்று இங்கே பலருக்குத் தெரியாது. ஊழியர் ஒருவர் என் முன்னாலேயே, எவளோ ஒருத்தி ஏசி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டாளாம், வேகிறது நாம் என்றார். அவர் சொன்னதில் வேகிறது நாம் என்பது உண்மை. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஓட்டுநர் ஐயா ஒருவர்தான். ஊசி குத்திய கையை அசைக்காமல் அவர் சொன்னார்: “செத்தவங்க திரும்பி வந்து திட்ட மாட்டாங்கன்னு தைரியம்மா. நீ திட்டு.” எனக்குத் திட்ட வரவில்லை. அதனால்தான் மனு.

12. கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: ‘மேற்குப் பலகை எடுத்துட்டாங்களா? நேர்ல போய்க் கேக்கணும்.’ தேதி, அந்த வியாழக்கிழமை. அன்று அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை என்று அவள் அலுவலகத்தில் சொன்னார்கள். கட்டுமான இடத்துப் பொறியாளர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அன்று அவள் வரவில்லையம்மா என்றார். லாரி மோதிய இடத்துக்கு நூறு அடி தள்ளிச் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் இந்தக் கட்டடம். இடது பக்கம் போனால் நான் அப்போது வேலை செய்த அலுவலகம். எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். அவளுக்கு வர முடிந்த நாளில் வந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவாள். ஆகவே, பலகையைப் பற்றிக் கேட்கப் போகும்போதுதான் அவள் இறந்தாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த நோட்டை அப்படிச் சாட்சியாக்க எனக்கு ஆசைதான். ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன். தெரிந்தது இவ்வளவுதான்: பலகை அவள் கணக்கில் இருந்தது, அவளுக்கு அந்தக் கவலையும் இருந்தது. சுவரில் அது இல்லை.

எனவே ஐயா அவர்கள் தயவுசெய்து:

ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் மூன்றாம் மாடிக்கு வர வேண்டும். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம், எங்கள் கண்ணாடியில் கையை வைத்தால் போதும்.

அவளுடைய கணக்கைத் திறந்து, பலகை இருந்தால் எவ்வளவு சூடு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று தெரிந்தவர் ஒருவரை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தப்பு அவளுடையதுதான் என்றால் அவள் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போடுங்கள், நான் மறு மனு கொடுக்க மாட்டேன்.

இல்லை என்றால் ஒன்பதாம் பக்கத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டும். பெயரை எடுப்பதற்கு நேரமாகும் என்றால் அது காத்திருக்கட்டும், பலகையை முதலில் மாட்டுங்கள். சித்திரை வெயில் வரப்போகிறது, ஏழாம் நாற்காலிக்கு அது காத்திருக்காது. மாட்டும் பலகையை நான் துடைத்துக்கொள்கிறேன், அதற்குத் தனியாக ஆள் வேண்டாம்.

நேரில் வரும் நாளில் என்னைத் தேட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நான் அங்கேதான் நடந்துகொண்டிருப்பேன்.

இணைப்பு: முப்பத்தொன்றாம் பக்கத்தின் நகல், நோட்டின் கடைசிப் பக்கத்தின் நகல். (நோட்டைத் தர முடியாது, மன்னிக்கவும்.)

நாள்: மார்ச் 4, மாலை நான்கு மணி
இடம்: மூன்றாம் மாடி, மேற்கு ஜன்னல் ஓரம்

பணிவுடன்,
துப்புரவுப் பணியாளர் 417
(கணக்கீட்டாளரின் அம்மா)

எலிக்குட்டி, ஐயாவுக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இப்போது நீ பேசலாம். அந்த நூறு அடியைத் தாண்டியிருந்தால் நீ எந்தப் பக்கம் திரும்பியிருப்பாய்?