விரலை மடக்கித் தட்டிய பந்து

தாய்லாந்து,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சுதா? நடவுக்குப் போறதா அப்பா சொன்னாங்க. ரெண்டு நாள் பொறுத்துப் போங்கம்மா. நான் நல்லாயிருக்கேன். போன்ல சொன்னா அழுதுடுவேன்னுதான் எழுதிப் படம் எடுத்து அனுப்புறேன். நாங்க ஜெயிச்சுட்டோம்மா!

பூதலூர்ல ஆறு பேரா ஆடுவோமே, இங்க கடற்கரை வாலிபால்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டே பேர்தான். மாற்று ஆளும் கிடையாது. நானும் நாகர்கோவில் ஜெனிஷாவும் ஜப்பான் பொண்ணுங்க ரெண்டு பேரோட ஆடினோம். தப்புன்னு தெரிஞ்சிருந்தும் பழக்கதோஷத்துல விரல் நுனியால பந்தை வலை தாண்டித் தட்டிட்டேன். உள்ளரங்கத்துல அது சரி, மணல்ல தப்பு. ரெண்டு தடவை அப்படிச் செஞ்சேன். அந்த ரெண்டு புள்ளியிலதான் முதல் செட்டே போச்சு. ஜெனிஷா திட்டவே இல்லை. "விரலை மடக்கிக்க எழில், விரல் முட்டியால தட்டு"ன்னா.

ரெண்டாவது செட் எங்களுக்கு வந்துச்சு. கடைசி செட்டுக்குப் பதினஞ்சு புள்ளிதான். நாங்க பதினாலு, ஜப்பான் பொண்ணுங்க பதிமூணு. ஜெனிஷா பந்தைத் தூக்கிக் கொடுத்தா. ஓங்கி அடிப்பேன்னு நினைச்சு அவங்க ரெண்டு பேரும் பின்னால போனாங்க. நான் விரலை மடக்கி மெல்லத் தட்டினேன். பந்து அவங்க பக்கம் வலையோரமா விழுந்துச்சு. நாங்க மணல்லயே கட்டிப்பிடிச்சு உருண்டோம்!

கட்டைவிரல் லேசா வீங்கியிருக்கு, ஐஸ் வச்சாச்சு, பயப்படாதீங்க.

நடவு நடுறப்ப நீங்கள்லாம் பேசிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புங்க. படம் சரியா வரலேன்னாலும் பரவாயில்லை, சத்தம் கேட்டாப் போதும்.

வண்டி வந்துடுச்சு. அப்பா ஊரெல்லாம் சொல்லக் கிளம்புறதுக்கு முன்னாடி, நீங்க இதை இன்னொரு தடவை படிச்சுடுங்க.

உங்க மக,
எழில்மொழி